மிஸ் எட்னாவுக்கு நான் மொழிபெயர்த்தது

1

போன மாதக் கடைசியில் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். ‘நம் பிள்ளைகள் ஏன் தமிழ் பேசுவதில்லை?’ என்பது தலைப்பு. இருபது நிமிடம் பேசினேன். பள்ளிக்கூடம், தொலைக்காட்சி, கூடப் படிக்கும் பிள்ளைகள், ஆறு மாதக் குளிர் என்று எல்லாவற்றின் தலையிலும் பழியைப் போட்டேன். நன்றாகக் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் என் மகள் சங்கரி கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது.

வீடு திரும்பும்போது காரின் பின்சீட்டிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: “மிஸ் எட்னா விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாய்.”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், “என்ன விஷயம்?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை” என்றேன். நான்கு வருடமாக அவரிடம் கூடச் சொல்லவில்லை. அவரும் இனிமேல் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

2

ஒஹையோ மாநிலத்தில் ஏரிக்கரையோரம் இருக்கும் இந்த நகரத்துக்கு நாங்கள் வந்தது தொண்ணூறாம் வருடம். ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வீடு பார்த்துக் குடிபோன மூன்றாம் நாள், எதிர்வீட்டு வாசலில் ஒரு கறுப்பினப் பெண்மணி முட்டிபோட்டுப் படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார். மேலே போட்டிருந்த பழைய ஏப்ரனெல்லாம் கறை.

எனக்கு உடனே மனதில் ஓடியது ஒன்றுதான். வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. ரோட்டைத் தாண்டிப் போய், “எங்கள் வீட்டுக்கும் வர முடியுமா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “எந்தக் கிழமை?” என்றார்.

“சனிக்கிழமை காலையில்.”

சனிக்கிழமை காலையில் மணி அடித்தது. அவர் நீலப் பூப்போட்ட உடுப்பும் தொப்பியும் அணிந்து, கையில் ஆப்பிள் பணியாரத் தட்டோடு நின்றார். “கூப்பிட்டீர்களே, வந்துவிட்டேன். நான் எட்னா பிரூவிட்” என்றார்.

அன்று பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, எதிர்வீடு அவருடையது. ஏப்ரனில் இருந்தது வண்ணக் கறை. நான் என்ன அர்த்தத்தில் கூப்பிட்டேன் என்பது அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அவருக்குப் புரியாத ஒரு காரியத்தை நான் செய்ததே கிடையாது என்று தெரிந்துகொள்ள எனக்கு எட்டு வருடம் ஆயிற்று.

3

மிஸ் எட்னா பிறந்தது தெற்கே ஜார்ஜியாவில். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளின் துணியை மூட்டையாக எடுத்துவந்து வெளுத்துக் கொடுப்பவர். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் குழைத்து, மளிகைப் பையைக் கிழித்து, அதில் அம்மாவின் கையை வரைந்ததுதான் முதல் படம். ஏழு வயதில் ரயிலேறி வடக்கே இந்த ஊருக்கு வந்தார்கள்.

இங்கே ஓவியப் பள்ளியில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அங்கே ஆளை உட்கார வைத்து வரையும் வகுப்புக்குள் மட்டும் அவரை விடவில்லையாம். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, கதவிடுக்கில் தெரிந்த மட்டும் வரைந்திருக்கிறார். “அதனால்தான் என் படங்களிலெல்லாம் ஒரு பக்கம் கதவு வந்து மறைக்கும்” என்று சிரிப்பார்.

படம் விற்றுச் சாப்பிட முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மாநகராட்சிப் பள்ளிகளில் சித்திர ஆசிரியை. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அடுப்படி மேசையில் வரைவார். அலுவலகம் கூட்டிப்பெருக்கிவிட்டு விடியற்காலைப் பேருந்துக்கு நிற்கும் பெண்கள், தொட்டியில் முங்கிய கைகள், இஸ்திரிப் பெட்டி மேல் குனிந்த முதுகுகள். படக்கடைக்காரர்கள், “இதையெல்லாம் யார் சுவரில் மாட்டுவார்கள்?” என்று திருப்பி அனுப்பினார்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்திலும் முடிதிருத்தும் கடைகளிலும் தானே ஆணி அடித்து மாட்டினார். அறுபத்தெட்டாம் வயதில் நகரத்து அருங்காட்சியகம் ஒரு படத்தை வாங்கியது. கறுப்பினப் பெண் ஒருவர் வரைந்து அங்கே தொங்கிய முதல் படம் அது.

சங்கரி அவரிடம் படம் வரையப் போனாள். எட்டு வயதிலிருந்து வாரத்தில் நான்கு நாள் அந்த அடுப்படியில்தான் கிடப்பாள். என்னிடமும் அவரிடமும் அவள் பேசுவதைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். அங்கே ஆங்கிலத்தில் ஒரு வரி, இங்கே திரும்பி எங்கள் ஊர்த் தமிழில் ஒரு வரி. அப்போது அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

ஒருநாள் அவர் வரைந்த துணி வெளுக்கும் பெண்களைப் பார்த்து, “எங்கள் தாமிரபரணியில் வந்து பாருங்கள், படித்துறை படித்துறையாகப் பெண்கள் துவைப்பார்கள். ஒருதரம் ஊருக்கு வாருங்கள்” என்றேன். நம் ஊரில் வாசல் வரை வழியனுப்பும்போது எல்லோரிடமும் சொல்வதுதான் அது. யாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவதில்லை.

மிஸ் எட்னா கட்டினார். கலைஞர்களுக்கான பயண உதவி ஒன்றுக்கு எழுதிப் போட்டு வாங்கிவிட்டார். விசா விண்ணப்பத்தை நானும் அவரும் சேர்ந்து நிரப்பினோம். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘ஓவியர்’ என்று எழுதினார். “ஓய்வு பெற்ற ஆசிரியை என்று போடுங்கள். ஓவியர் என்றால் எதற்கு, என்ன என்று கேள்வி வரும்” என்றேன்.

“இந்த வார்த்தையை எழுத எனக்கு அறுபது வருடம் ஆகியிருக்கிறது, கோமதி. கேள்வி வரட்டும்” என்றார்.

கேள்வி வந்தது. மூன்று கடிதம், இரண்டு சான்றிதழ் கேட்டார்கள். எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பிவிட்டு, தொண்ணூற்றைந்து தை மாதம், மிஸ் எட்னா, சங்கரி, நான் மூவரும் புறப்பட்டோம்.

ஊருக்குக் கடிதம் எழுதும்போது, ‘அமெரிக்க ஓவியர், பெரிய பெயர் பெற்றவர், எங்கள் எதிர்வீடு’ என்று எழுதினேன். நிறத்தை எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமா அது என்று எனக்கு நானே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன். அது பெருந்தன்மை இல்லை. பயம்.

5

திருநெல்வேலி ஜங்ஷனில் அண்ணன் ரோஜா மாலையோடு நின்றார். ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் அவர் தலைமையாசிரியர். கூட இரண்டு ஆசிரியர்கள், ஒரு போட்டோக்காரர். மிஸ் எட்னா முதலில் இறங்கினார். அண்ணன் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டு, அவர் தோளுக்கு மேலாகப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பின்னால் இறங்கிய என்னிடம் கேட்டார்:

“எங்கட்டி, அந்த அமெரிக்காக்காரம்மா இன்னும் இறங்கலியா?”

“இவியதான் அண்ணே.”

“இவியளா?”

மாலை அண்ணன் கையிலேயே இருந்தது. பிறகு, “நீயே போட்டுரு” என்று என்னிடம் நீட்டினார். நான் போட்டேன். போட்டோக்காரர் படம் எடுக்கவில்லை. அவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் மிஸ் எட்னாவுக்கு வைத்திருந்த வரவேற்பு விழா அன்றே கைவிடப்பட்டது. “வெள்ளக்காரி வாரான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காவ உங்க அண்ணன். இப்ப என்னத்தச் சொல்லுததுன்னு முழிக்காவ” என்றாள் அண்ணன் மனைவி, என் மதினி. நான் மிஸ் எட்னாவிடம், பள்ளிக்கூடத்துக்குத் திடீர் விடுமுறை என்று சொன்னேன்.

மறுநாள் காலை அவரும் நானும் படித்துறைக்குப் போனோம். சீருடை போட்ட பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக எங்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனார்கள். மிஸ் எட்னா கடைசிப் பிள்ளை போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“எனக்குப் பத்தொன்பது வயதில் ஓவியப் போட்டி ஒன்றில் முதல் பரிசு கிடைத்தது. படத்தைத் தபாலில் அனுப்பியிருந்தேன். பரிசு வாங்கப் போனபோது, பதக்கத்தோடு நின்றவர் என் தோளுக்கு மேலே பார்த்தார், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. நேற்று உன் அண்ணன் பார்த்த மாதிரியே.”

“அண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியாது” என்றேன்.

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வரைய ஆரம்பித்தார்.

6

படித்துறையில் அவருக்குச் சிநேகமானவள் பேச்சி. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி, மாட்டுத்தொழு கூட்டி, துணி துவைப்பவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் கல்யாணமாகிப் போன வருடம் வேலைக்கு வந்தாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் வீடு. எங்கள் வீட்டுப் பின்வாசல் நிலையைத் தாண்டி அவள் உள்ளே வந்ததில்லை. அவள் குடிக்கிற அலுமினிய டம்ளர் துவைகல்லுக்குப் பின்னால் கவிழ்த்திருக்கும்.

அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. ஆனால் மிஸ் எட்னா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டி, சின்ன வயதில் அம்மாவோடு துவைத்ததில் விரல் கணுவில் விழுந்த பழைய காய்ப்பைக் காட்டினார். பேச்சி, “ஆத்தீ, இவியளும் துவைச்ச கைதான்” என்றாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் மிஸ் எட்னா, பேச்சியை எண்ணெய் வண்ணத்தில் வரைய வேண்டும் என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில் அண்ணனின் பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டார். படம் வரையும் சட்டத்தை நிறுத்தினார். பேச்சி பின்வாசலுக்கு வெளியே நின்றாள். மிஸ் எட்னா நாற்காலியின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, வா என்று சிரித்தார்.

மதினி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். “ஏட்டி கோமு, இதென்ன கூத்து? அவ உள்ள வந்து உங்க அண்ணன் நாக்காலியில உக்காந்தா நாளைக்கு நான் ஊருக்குள்ள தலைகாட்ட வேண்டாமா? இந்தம்மா நம்ம வீட்ல புழங்குததே பெரிசு. நீ பக்குவமாச் சொல்லிரு.”

அண்ணன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

மிஸ் எட்னா கேட்டார்: “ஏன் அவள் வரவில்லை?”

“கூச்சப்படுகிறாள்” என்றேன்.

“அவளிடம் கேள். என் சார்பாகக் கேள்.”

நான் பின்வாசலுக்குப் போனேன். கேட்கவில்லை. “பேச்சி, வரமாட்டேன்னு சொல்லிரு” என்றேன்.

பேச்சி என்னைப் பார்த்தாள். “வரமாட்டேன்னு நானா சொன்னேன்? அவிய கூப்பிடுதாவ, நீங்க தடுக்கிய. சொல்லச் சொன்னா சொல்லுதேன். ஆனா அது என் பேச்சுன்னு அவியகிட்ட சொல்லாதிய.”

நான் திரும்பி, மிஸ் எட்னாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: “விருப்பமில்லையாம்.”

முற்றத்துத் தூணில் சாய்ந்து சங்கரி நின்றாள். பன்னிரண்டு வயது. இரண்டு மொழியும் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அவள் வாயைத் திறந்தாள். நான் கண்ணால் அடக்கினேன். அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டாள்.

மிஸ் எட்னா வண்ணப் பெட்டியைக் கையில் எடுத்தார். சட்டத்தை அவரே தூக்கிக்கொண்டு கூடம், அடுப்படி, நடை எல்லாம் தாண்டிப் பின்வாசலுக்கு வெளியே போய்த் துவைகல் மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஊரில் இருந்த ஆறு நாளும் பகலெல்லாம் அங்கேதான். மதிய சாப்பாட்டையும் அங்கே வாங்கிச் சாப்பிட்டார். ஒருநாள் தண்ணீர் கேட்டபோது நான் வெள்ளி டம்ளரில் கொண்டுபோனேன். அதற்குள் அவர் பேச்சியின் அலுமினிய டம்ளரில் குடித்து முடித்திருந்தார்.

7

புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் என்னிடம் கேட்டார். “கோமதி, அன்றைக்கு அவள் நிறையப் பேசினாள். நீ எனக்கு ஒரு சொல்தான் தந்தாய்.”

எனக்கு வழி திறந்து வைத்துவிட்டு அவர் காத்திருந்தார். அது எனக்கு அப்போதே தெரியும். அப்படியும் நான் சொன்னது இதுதான்: “தமிழ் அப்படித்தான். சின்ன விஷயத்தை நீட்டிச் சொல்லும் மொழி.”

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, எனக்கு இருந்த ஒரே சொத்தான மொழியின் மேல் பழியைப் போட்டேன்.

இங்கே திரும்பிய பிறகு சங்கரி என்னிடம் தமிழ் பேசுவது நின்றது. முதலில் கவனிக்கவில்லை. ஒருநாள், “ஏட்டி, தமிழ்ல சொல்லு” என்று அதட்டினேன். “அது நீ பொய் சொல்லச் சொன்ன மொழி” என்றாள், ஆங்கிலத்தில். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பொங்கல் மேடையில் பழி சுமந்த பள்ளிக்கூடமும் குளிரும் என்ன பாவம் செய்தன?

மிஸ் எட்னா அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவில்லை. என்னைக் கண்டால் எப்போதும் போலக் கையசைப்பார், நலம் கேட்பார். ஆனால் எங்கள் வீட்டுக்குள் வருவது நின்றுபோயிற்று. ஏதாவது கொடுக்க வந்தால் வாசல்படியில் நின்று கொடுத்துவிட்டுப் போவார். “உள்ளே வாருங்கள்” என்பேன். “இங்கேயே நன்றாக இருக்கிறது” என்பார். கோபம் தெரியாத குரல். கோபமாக இருந்திருந்தால் நான் சண்டை போட்டாவது சொல்லியிருப்பேன்.

போன வருடம் கோடையில் அவர் என் ஆஸ்பத்திரியிலேயே படுத்தார். அவர் ரத்தம் என் மேசைக்குத்தான் வரும். தேறமாட்டார் என்று எனக்கு முதலில் தெரிந்தது. தினமும் மதியம் அவர் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். போய், “ரசம் கொண்டுவந்திருக்கிறேன், சூடாகக் குடியுங்கள்” என்பேன். பதினோரு நாள் ரசம் கொண்டுபோனேன். பன்னிரண்டாம் நாள் கட்டில் காலியாக இருந்தது.

8

இந்த மாதம் அருங்காட்சியகத்தில் அவருடைய படங்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நகரமே திரண்டு போகிறது. பொங்கல் விழாவுக்கு மறுவாரம் சங்கரி என்னை அழைத்துப் போனாள். கடைசி அறையில் ஒரு பெரிய படத்தின் முன்னால் நிறுத்திவிட்டு அவள் நகர்ந்துகொண்டாள்.

எங்கள் வீட்டுப் பின்வாசல். வெளியே வெயிலில் பேச்சி, நிலையில் ஒரு கையை ஊன்றி நேராகப் பார்த்து நிற்கிறாள். அந்தக் கையின் ஒவ்வொரு கணுவும் தெரிகிறது. வாசலுக்கு உள்ளே, இருட்டில், பட்டுச்சேலையும் கைக்கடிகாரமுமாக ஒருத்தி. முகம் பார்ப்பவர்களை நோக்கிச் சிரிக்கிறது. ஒரு கை பேச்சிக்கு எதிரே, உள்ளங்கை விரிந்து, தடுக்கிறது. அப்படிக் கைகாட்டியது எனக்கு நினைவே இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டில் படத்தின் பெயர்: ‘மொழிபெயர்ப்பவள்’.

ஒரு தாயும் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். கறுப்பினக் குடும்பம். சின்னவன் என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்து நேரமாகியிருந்தது. மதினி எடுத்தாள். பேச்சியிடம் பேச வேண்டும் என்றேன்.

“என்கிட்ட சொல்லு. நான் அவகிட்ட சொல்லிருதேன்.”

“வேண்டாம் மதினி. நான்தான் சொல்லணும். அவளைக் கூப்பிடுங்க.”

“போனு கூடத்துல இருக்குட்டி.”

“தெரியும். கூப்பிடுங்க. அவ வாரது வரைக்கும் நான் வைக்க மாட்டேன்.”

அண்ணன் குரல் தூரத்தில், “வரட்டும், விடு” என்றது. நாலு வருடத்துக்கு முன் அந்த வார்த்தையை அவரும் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். காலடிச் சத்தம் கேட்டது.

“யாரு, கோமதியம்மாவா?” பேச்சி போனுக்குள் கத்தினாள்.

நான் மடமடவென்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா உன்னை உள்ளே வந்து உட்காரத்தான் கூப்பிட்டார். நீ கூச்சப்படுகிறாய், விருப்பமில்லை என்று நான்தான் பொய் சொன்னேன் என்று.

“அதான் அன்னைக்கே தெரியுமே. அவிய நாக்காலியத் தட்டிக் காட்டுனாவல்லா. அதுக்கு என்னத்துக்குப் பாஷை?” என்றாள். “அவிய நல்லாருக்காவளா?”

“இறந்துட்டாவ பேச்சி.”

“ஆத்தீ” என்றாள். பின்னால் யாரோ நகரும் சத்தம் கேட்டது. நான் பயந்து, “மதினி பக்கத்துல நிக்காவளா? வச்சிருதியா?” என்று கேட்டேன்.

“நிக்காவ. போனைத் துடைக்கதுக்குத் துணியோட நிக்காவ. நிக்கட்டும். அவிய என்னைய வரைஞ்சாவல்லா, அந்தப் படம் என்னாச்சு?”

“இங்க பெரிய கட்டடத்துல மாட்டியிருக்கு. ஊரே வந்து பாக்குது.”

“நான் எப்படி இருக்கேன்?”

“நல்லா, நிமிந்து நிக்கே. உன் கை அப்படியே இருக்கு.” நிறுத்திக்கொண்டிருக்கலாம். “நானும் அதுல இருக்கேன் பேச்சி.”

“நீங்களுமா? நீங்க என்ன செய்யுதிய?”

இந்தத் தடவை ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன்: “வாசல்ல நின்னு சிரிச்சிக்கிட்டு, உன்னை உள்ள வராதேன்னு கை காட்டுதேன்.”

பேச்சி யோசித்துவிட்டுச் சொன்னாள்:

“அப்ப சரியாத்தான் வரைஞ்சிருக்காவ.”